முதல்வர் மறுபடி வந்து கேட்டால்

திருகோணமலையில் அடுத்த மாநகர சபைத் தேர்தல் வருகிறது, பதவியில் இருக்கிற முதல்வரே, அதாவது மேயரே, இன்னொரு தவணை கேட்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் கையில் இருப்பது ஒரே ஒரு புள்ளடி. அதை அவரது கட்சிக்கே போடுவதா, எதிரே நிற்கிற பெரிய கட்சிக்குப் போடுவதா, வட்டாரத்தில் முகம் தெரிந்த ஒரு சுயேச்சைக் குழுவுக்குப் போடுவதா? இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் எழுதுகிறேன். தேர்தலுக்கு இன்னும் காலம் கிடக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். காலம் கிடக்கும்போதே பேச வேண்டிய விஷயம் இது. வேட்புமனு கொடுத்து, ஒலிபெருக்கி கட்டி, சந்திக்குச் சந்தி கூட்டம் தொடங்கிய பிறகு சபையின் பாதீட்டை, அதாவது வரவு செலவுத் திட்டத்தை, யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு இரண்டாவது தவணை கொடுப்பதானால் அவர் திறந்து வைத்ததைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது, திறந்து வைத்தது இரண்டு வருடம் கழித்தும் வேலை செய்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மாற்றாக வருகிறவரையும் வாக்குறுதியை வைத்து நிறுக்காமல், சபையில் அவரது ஆட்கள் பாதீட்டுக்கு எப்படி வாக்களித்தார்கள் என்பதை வைத்து நிறுக்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன் ஒரு தடை இருக்கிறது. நம் வாக்குச்சீட்டில் முதல்வர் இல்லை.

சீட்டில் இல்லாத பெயர்

ஸ்காபரோவில் இருக்கிற சொந்தக்காரருடன் தேர்தலைப் பற்றிக் கதைத்தால் பேச்சு முட்டுப்படுவது இந்த இடத்தில்தான். ரொறொன்ரோவில் மேயருக்கென்று தனி வாக்கு. 2022இல் ஜோன் ரோரி மூன்றாவது தவணை கேட்டு வென்றார். 2023 பெப்ரவரியில் பதவி விலகினார். அந்த வருடம் ஜூன் 26இல் நடந்த இடைத்தேர்தலில் 102 பேர் போட்டியிட, ஒலிவியா சௌ வந்தார். அங்கே ஆளைப் பிடிக்காவிட்டால் அந்த ஆளுக்கு எதிராகவே வாக்களிக்கலாம். லண்டனும் அப்படித்தான். கென் லிவிங்ஸ்டன் 2000இலும் 2004இலும் வென்றார். 2008இல் மூன்றாம் முறை கேட்டபோது பொரிஸ் ஜோன்சனிடம் தோற்றார். சாதிக் கான் 2016, 2021, 2024 என்று மூன்று முறையும் வென்றார். வைத்திருப்பதா, மாற்றுவதா என்ற கேள்வி அங்கே நேராக வாக்காளரின் கைக்கு வருகிறது.

சென்னையின் கதை நமக்கு இன்னும் கிட்ட. 1996இல் மு.க. ஸ்டாலின் மக்களின் நேரடி வாக்கில் மேயரானார். 2001இல் பதவியில் இருந்தபடியே மறுபடி நின்று வென்றார். அடுத்த வருடம், ஒருவரே சட்டமன்ற உறுப்பினராகவும் மேயராகவும் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்ததும் மேயர் பதவியை விட்டார். 2006இல் கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தெரிவுசெய்யும் முறை வந்தது. 2011இல் மறுபடி நேரடித் தேர்தல். 2022இல் மறுபடி கவுன்சிலர்களின் கை. ஒரே நகரத்தில் இரண்டு முறையும் மாறி மாறி நடந்திருக்கின்றன. நேரடித் தெரிவு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் சென்னையைக் கொஞ்சம் ஆற அமரப் பார்க்க வேண்டும். நேராகத் தெரிவான மேயரும் சபையின் ஒத்துழைப்பு இல்லாமல் காசை அசைக்க முடியாது.

நம்முடையது வேறு கணக்கு. 2018இலிருந்து நடைமுறையில் இருக்கிற கலப்பு முறையில் உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதம் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். சீட்டில் இருப்பது கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் பெயரும் சின்னமும். நாம் போடுகிற ஒரே புள்ளடி வட்டாரத்தில் யார் வெல்வது என்பதையும் தீர்மானிக்கிறது, சபையில் அந்தக் கட்சிக்கு மொத்தம் எத்தனை கதிரை என்பதையும் தீர்மானிக்கிறது. பிறகு சபை கூடும். ஒரு கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை இருந்தால் அது தன் ஆளின் பெயரைக் கொடுத்துவிடும். இல்லாவிட்டால் உள்ளூராட்சி ஆணையாளர் முன்னிலையில் உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். அந்த வாக்கெடுப்பு பகிரங்கமா இரகசியமா என்பதையும் அவர்களே முடிவுசெய்வார்கள். சமமாக வந்தால் திருவுளச்சீட்டு.

இது எவ்வளவு தூரம் வாக்காளரைத் தள்ளி வைக்கிறது என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். 2025 மே தேர்தலில் கொழும்பு மாநகர சபையின் 117 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்திக்கு 48 கிடைத்தது. பாதிக்குப் பத்துக்கு மேல் குறைவு. ஜூனில் இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. 61க்கு 54 என்று விராய் கெலி பல்தசார் மேயரானார். கூடுதலாக வந்த வாக்குகள் யார் யாருடையவை என்பதற்குக் கையெழுத்து இல்லை.

யாழ்ப்பாணத்தில் நடந்ததோ ஒரு தவணைக்குள்ளேயே. 2018இல் இம்மானுவேல் ஆர்னோல்ட் முதல்வரானார். 2020 டிசம்பரில் அவரது பாதீடு இரண்டாம் தடவையும் தோற்க, பதவி போனது. அந்த மாதக் கடைசியில் வி. மணிவண்ணன் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வந்தார். 2022 முடியும்போது அவர் விலக, 2023 ஜனவரியில் மறுபடி ஆர்னோல்ட். முதல்வர் கதிரை இரண்டு முறை கைமாறியது. யாழ்ப்பாண வாக்காளர் அதற்காக ஒரு முறைகூட வாக்குச்சாவடிக்குப் போகவில்லை. பதவியில் இருந்தவர் போனதும் திரும்பி வந்ததும் சபை மண்டபத்துக்குள் முடிந்த காரியம்.

ஆகவே "முதல்வருக்கு இன்னொரு தவணை" என்று மேடையில் சொல்லப்படுவதை நாம் நம் முறைக்கு ஏற்றபடி திருப்பிக் கேட்க வேண்டும்: அவரது கட்சி ஆட்களில் எத்தனை பேரைச் சபைக்கு அனுப்புவது, அவரைக் கட்டுப்படுத்த எத்தனை பேரை அனுப்புவது?

எதற்கு அவரைக் கேட்கலாம்

முதல்வர் கையில் இல்லாததற்கு அவரைத் திட்டுவதும், அவர் செய்யாததற்கு அவரைப் புகழ்வதும் நம் ஊரில் சர்வ சாதாரணம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் அது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. துறைமுகம் துறைமுக அதிகார சபை. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பிரெட்றிக் கோட்டைக்குள் என்ன நடந்தாலும் அங்கே இராணுவமும் தொல்லியல் திணைக்களமும் இருக்கின்றன. நிலாவெளிக் கடற்கரை குச்சவெளிப் பிரதேச சபைப் பக்கம். காணிப் பிரச்சினை மாவட்டச் செயலகமும் பிரதேச செயலகமும். இவற்றுக்காக முதல்வர் குரல் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் அதை வைத்து இன்னொரு தவணையைத் தீர்மானித்தால் அவரது உண்மையான வேலையைப் பார்க்காமலே விட்டுவிடுவோம்.

அவரது உண்மையான வேலை சின்னதாகத் தெரியும்: குப்பை, வடிகான், ஒழுங்கைகள், தெருவிளக்கு, சந்தை, பொதுக் கழிப்பறை, நூலகம், மயானம், கட்டட அனுமதி, வியாபார அனுமதிப்பத்திரம், கட்டாக்காலி மாடுகள். நாம் கட்டுகிற சோலை வரி இதற்குத்தான் போகிறது. ஊரில் ஒரு மனிதர் காலையில் எழும்பி இரவு படுக்கும் வரைக்கும் இவற்றில் எத்தனை தடவை முட்டுப்படுகிறார் என்று எண்ணிப் பார்த்தால் சின்ன வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மான்களை எடுத்துக்கொள்வோம். நம் ஊருக்கு வருகிறவர்கள் கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் பஸ் நிலையத்தடியிலும் புள்ளிமான் நிற்பதைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். கிட்டப் போய் நின்று பார்த்தால் வேறு காட்சி. சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச் சீட்டை மான் முன்னங்காலால் மிதித்துப் பிடித்துக்கொள்ளும். மூக்கால் மடிப்பை விரிக்கும். குழம்பு ஊறின ஓரத்தை நக்கும். சோறு தீர்ந்த பிறகும் உப்பு ருசி சீட்டில் இருக்கும். அதனால் சீட்டையே மெல்லத் தொடங்கும். பிளாஸ்ரிக் தின்று இந்த மான்கள் சாவது புதிய செய்தி இல்லை. மான் வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. அந்தச் சீட்டு மானின் வாய்க்கு எட்டுகிற இடத்தில் கிடப்பது சபையின் பொறுப்பு. குப்பை வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, கடைகள் எத்தனை மணிக்கு வெளியே வைக்கின்றன, மூடியுள்ள தொட்டி இருக்கிறதா, இந்த மூன்றும் ஒத்துப்போனால் மான் பட்டினி கிடக்காது, புல்லுக்குத் திரும்பிப் போகும். இதற்குக் கொழும்பின் அனுமதியும் வேண்டாம், வெளிநாட்டுக் கடனும் வேண்டாம். இதைச் செய்து முடித்த ஒரு முதல்வர் வந்து மறுபடி கேட்டால் நான் இரண்டு தரம் யோசிக்க மாட்டேன்.

வடிகானும் அப்படித்தான், ஆனால் அதைப் பார்க்க ஒரு காலம் இருக்கிறது. ஒக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ மாரியின் முதல் பெருமழை விட்டதும், ஒரு இரண்டு மணித்தியாலம் கழித்து உங்கள் ஒழுங்கையில் நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது? போன மாரியிலும் அதே இடத்திலா நின்றது? வடிகான் மூடியின் இடுக்கால் பாருங்கள். மண்ணும் போத்தலும் முக்கால்வாசிக்கு ஏறியிருந்தால், அது கட்டப்பட்ட நாளிலிருந்து யாரும் கையை விடவில்லை. கொங்கிறீட் புதிதாக இருக்கலாம், பெயர்ப்பலகையில் திறந்து வைத்தவரின் பெயரும் பளிச்சென்று இருக்கலாம். அந்த வடிகான் வேலை செய்யவில்லை என்பதே அங்கே செய்தி.

தெருவிளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போட்ட விளக்கில் எத்தனை இன்று எரிகிறது என்று எண்ணினால் போதும்.

இன்னொரு அளவுகோலும் நம்மிடம் தற்செயலாக வந்து சேர்ந்திருக்கிறது. 2018 பெப்ரவரி 10இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச் 19உடன் முடிந்தது. 2023 மார்ச் 9இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் நடக்கவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 மே 6இல்தான் தேர்தல் வந்தது. நடுவில் இரண்டு வருடத்துக்கு மேலாக உறுப்பினரும் இல்லை, தலைவரும் இல்லை. அதிகாரிகள்தான் சபைகளை நடத்தினார்கள். அந்தக் காலத்தில் உங்கள் ஒழுங்கையில் குப்பை எப்படி எடுபட்டது, விளக்கு எப்படி எரிந்தது என்று வீட்டில் இருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நகர சபையாக இருந்த நம் சபை மாநகர சபையாகி முதல்வர் வந்த பிறகு எது கூடியது, எது அப்படியே இருக்கிறது? ஆளில்லாத காலத்துக்கும் ஆளிருக்கிற காலத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஆளின் பெறுமதி. அந்த வித்தியாசம் பெரியதென்றால் அவருக்கு அதைச் சொல்லிப் பாராட்டி வாக்கும் கொடுக்க வேண்டும்.

இருக்கிறவரே இருக்கட்டும் என்றால்

இந்தப் பக்கத்து நியாயம் வலுவானது, அதை லேசாகத் தட்டிவிடக் கூடாது. 2025 ஜூனில் பதவியேற்ற சபைகள் அந்த வருடத்துக்கு அதிகாரிகள் போட்ட பாதீட்டோடுதான் தொடங்கின. தன் பெயரில் ஒரு முதல்வர் போடுகிற முதல் முழுப் பாதீடு 2026க்கானது. சபையின் காலம் நான்கு வருடம்; அமைச்சர் விரும்பினால் ஒரு வருடம் நீட்டலாம். கேள்விப்பத்திரம் கோரி, மதிப்பீடு செய்து, வேலை தொடங்கவே மாதக் கணக்கு. அதிலும் ஆளணி நியமனம் சபையின் கையில் இல்லை. ஒருவர் அலுவலகத்தின் உள்வழி தெரிந்துகொள்ளும்போது தவணையில் பாதி போய்விடும். "படித்து முடித்தவரை அனுப்பிவிட்டுப் படிக்கத் தொடங்குகிறவரைக் கொண்டுவர வேண்டுமா?" என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

ஆனால் இந்த நியாயம் பெரிய திட்டங்களுக்குத்தான் பொருந்தும். குப்பை வண்டியின் நேரத்தை ஒழுங்குபடுத்த நான்கு வருடம் வேண்டாம். ஆகவே "இன்னொரு தவணை தந்தால் முடித்துத் தருவேன்" என்று சொல்கிறவரிடம் கேட்க வேண்டியது ஒன்று: முடித்தவற்றில் எது இன்றைக்கும் ஓடுகிறது? இதற்கு அவர் ஒழுங்கை ஒழுங்கையாகப் பெயர் சொல்லிப் பதில் தந்தால் அவர் வேலையைக் கையில் வைத்திருக்கிறார். கட்சியின் தியாகத்தையும் இனத்தின் வரலாற்றையும் சொல்லிப் பதில் தந்தால், அவை எவ்வளவு உண்மையாக இருந்தாலும், கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

தேர்தலுக்கு முந்தின ஆறு மாதத்தில் போடுகிற தாரையும் கொங்கிறீட்டையும் கணக்கில் எடுக்கவே கூடாது என்பது என் கருத்து. மூன்றாவது வருடத்தைப் பாருங்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து வேலை செய்கிற வருடம் அது.

தவணைக்கு எல்லை வைத்தால் என்ன என்று கேட்கிறவர்களும் உண்டு. ஜனாதிபதிக்கு இரண்டு தவணை என்பது போல நம் முதல்வர்களுக்குச் சட்டத்தில் எல்லை இல்லை. நியூயோர்க்கில் தொடர்ந்து இரண்டு தவணைதான். ஆனால் மைக்கேல் புளூம்பேர்க் 2008இல் நகர சபை வழியாக அதை மூன்றாக்கி, 2009இல் மூன்றாவதையும் வென்றார். 2010இல் மக்கள் வாக்கெடுப்பில் அதைத் திரும்ப இரண்டாக்கினார்கள். எல்லை என்பது அதைக் காக்கிற வாக்காளர் இருக்கும் வரைக்கும்தான்.

எதிர்க்கட்சிக்கு என்றால்

இங்கே பேசப்படுகிற பெரிய வாதம் காசு. இங்கே எதிரே நிற்கிற கட்சி கொழும்பில் ஆளுகிற கட்சியாக இருந்தால், அதைச் சபையிலும் கொண்டுவந்தால் பணம் தடையில்லாமல் வரும் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. மாகாண நிர்வாகம் ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநரின் கையில். அந்த வழியால் வருகிற நிதிக்குக் கொழும்புடன் பேசக்கூடிய ஒருவர் சபையில் இருப்பது உதவும்.

ஆனால் எவ்வளவு காலத்துக்கு? 2015, 2019, 2022, 2024 என்று பத்து வருடத்துக்குள் நான்கு முறை ஜனாதிபதி மாறியிருக்கிறார். இன்று கொழும்பின் நிறத்தைப் பார்த்துத் தெரிவுசெய்கிற சபை, தன் தவணை முடியும் முன்பே கொழும்பில் எதிர்க்கட்சியாகிவிடக்கூடும். அதோடு மேலிருந்து வருவது திட்டக் காசு. குப்பை அள்ளுவதும் வடிகான் துப்புரவும் அன்றாடச் செலவு. அதற்குச் சோலை வரியையும் சந்தைக் குத்தகையையும் ஒழுங்காக வசூலிக்கிற நிர்வாகம்தான் வேண்டும். கொழும்பு வாசல் திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளூர் வசூலில் கவனமில்லாதவரைத் தெரிவுசெய்தால், கட்டடம் வரும், கட்டடத்தைக் கூட்டிப் பெருக்க ஆள் வராது.

வெளிப்படையாகப் பேச வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று சாராரும் நெருக்கமாக வாழ்கிற நகரம் இது. "இருக்கிற தமிழ் முதல்வரைத் தோற்கடித்தால் சபையே கைவிட்டுப் போகும்" என்ற பயம் நம் வீடுகளில் உண்மையானது. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் மாவட்டத்தின் நான்கு ஆசனங்களில் தமிழரசுக் கட்சி ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டது, அதுவே எவ்வளவு கஷ்டப்பட்டு என்பதும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இந்தப் பயத்தைக் கேலி செய்கிறவர்கள் இந்த ஊரின் வரலாறு தெரியாதவர்கள்.

ஆனால் கலப்பு முறையில் அந்தப் பயம் பாதிதான் சரி. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 20 பேர் கொண்ட சபை என்று வையுங்கள். 12 வட்டாரம், 8 பட்டியல். நான்கு தரப்புகள் 40, 30, 20, 10 வீதம் எடுக்கின்றன. உரித்தான கதிரைகள் 8, 6, 4, 2. முதலாவது தரப்பு 7 வட்டாரத்தையும் இரண்டாவது 5 வட்டாரத்தையும் வென்றால் பட்டியலில் அவர்களுக்கு ஒவ்வொன்றுதான் மிச்சம். மூன்றாவது தரப்பு ஒரு வட்டாரம்கூட வெல்லாமல் 4 பேரை அனுப்பும். நான்காவது 2 பேரை. அதாவது தமிழ் வாக்கு இரண்டு கட்சிக்குப் பிரிந்தால் வட்டாரங்கள் சில போகலாம், மொத்தக் கதிரைகளில் பெரும்பங்கு போகாது. இரண்டாகப் பிரிந்தவர்கள் சபைக்குள் போன பிறகு கைகோர்க்கிறார்களா, கழுத்தறுக்கிறார்களா என்பதில்தான் சபை போவதும் நிற்பதும். யாழ்ப்பாணத்தில் பாதீட்டைத் தோற்கடித்தது வாக்காளரின் பிரிவினை இல்லையே. ஆக, தேர்தலுக்கு முன்பே கேட்க வேண்டியது "உங்களுக்குப் போட்டால் வாக்குப் பிரியுமா?" என்பதல்ல, "பிரிந்து வந்தால் உள்ளே யாரோடு சேருவீர்கள்?" என்பது.

சபையில் ஏற்கெனவே எதிர்வரிசையில் இருந்தவர்கள் மாற்றாக வருகிறார்கள் என்றால் அவர்களுக்கும் ஒரு பதிவு இருக்கிறது. கூட்டங்களுக்கு வந்தார்களா? பாதீட்டை எதிர்த்தபோது எந்தத் தலைப்பை மாற்றச் சொன்னார்கள்? ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் உயர்த்தினவர் முதல்வர் கதிரையில் இருந்தாலும் அதைத்தான் செய்வார்.

சுயேச்சைக் குழுவுக்கு என்றால்

மேலே போட்ட கணக்கில் நான்காவது தரப்பின் இரண்டு பேரைக் கவனித்திருப்பீர்கள். தொங்கு சபையில் முதல்வரைத் தீர்மானிப்பது அவர்களாகவே இருக்கலாம். 11 கை வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் 10, இந்த இரண்டு பேரும் வந்தால் 12; முதலாவதோடு இவர்கள் போனால் 10க்கு 10, திருவுளச்சீட்டு. 8 வைத்திருப்பவர் அவர்களிடம் வருவார், 6 வைத்திருப்பவரும் வருவார். நல்ல மனிதர்களாக இருந்தால் அந்த இரண்டு கையை வைத்துக்கொண்டு குப்பைக்கும் வடிகானுக்கும் பாதீட்டில் தலைப்பு வாங்கலாம். மோசமானவர்களாக இருந்தால் அந்த இரண்டு கைக்கும் விலை இருக்கிறது. சின்னக் குழு என்பதாலேயே சுத்தமானது என்று நம்புவது ஆபத்து.

2025இல் எங்கள் படலைக்கு வாக்குக் கேட்டு வந்த ஒருவரிடம் இதைத்தான் கேட்டேன். "அண்ணை, முதல்வர் தெரிவுக்கு வாக்கெடுப்பு வந்தா, பகிரங்கமா வைக்கச் சொல்லுவீங்களா, இரகசியமாவா?" அவர் கொஞ்சம் நின்றார். "தங்கச்சி, அது அந்த நேரம் எல்லாரும் இருந்து கதைச்சு எடுக்கிற முடிவு" என்றார். நேர்மையான பதில்தான். ஆனால் அந்த "எல்லாரும்" என்பதில் வாக்குப் போடுகிற நாம் இல்லை. அடுத்த முறை வருகிறவர்களிடம் நான் எழுத்தில் கேட்கப் போகிறேன்: பகிரங்க வாக்கெடுப்புக்குக் கை உயர்த்துவேன், பாதீட்டை எதிர்த்தால் காரணத்தை வட்டாரக் கூட்டத்தில் சொல்வேன். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அது நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் கையெழுத்து வைத்தவர் மாறி நடந்தால், மறுநாள் சந்தையில் மீன் வாங்கப் போகும்போது அவருக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். சின்ன ஊரில் அதற்கு வலு இருக்கிறது.

வாக்களிக்காமலே விடுவது நான்காவது வழி என்று சிலர் சொல்வார்கள். விகிதாசாரக் கணக்கில் வராத வாக்கு, வந்த வாக்குகளின் பெறுமதியைத்தான் கூட்டும். உங்களுக்குப் பிடிக்காதவருக்கே அது உதவக்கூடும்.

நான் போடப் போவது

குப்பை, வடிகான், விளக்கு என்ற மூன்றில் குறைந்தது இரண்டு ஆளில்லாத காலத்தைவிடத் தெளிவாக நன்றாக இருந்தால் இருக்கிறவரின் கட்சிக்கே போடுவேன், எங்கள் வட்டார உறுப்பினர் ஒழுங்காகக் கூட்டத்துக்குப் போயிருந்தால். அவர் போகவில்லை என்றால் அந்தக் கட்சி வேறு ஆளை நிறுத்துகிறதா என்று பார்ப்பேன். மூன்றில் ஒன்றுதான் தேறியது என்றால், பகிரங்க வாக்கெடுப்புக்குக் கையெழுத்து வைத்த குழுவுக்குப் போடுவேன். முதல்வர் அதே ஆளாகத் திரும்பி வந்தாலும் அவருக்கு மேல் கண் வைத்திருக்கச் சபைக்குள் இரண்டு பேர் இருப்பார்கள். ஒன்றுமே தேறவில்லை என்றால் மாற்றத்துக்குத்தான், அது எந்தக் கட்சியாக இருந்தாலும்.

இந்தக் கணக்குக்கு வேண்டிய தகவல்களை இப்போதே சேர்க்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பொது அலுவலகத்திடமும் எழுத்தில் கேட்கலாம், தமிழில் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவுசெய்ய வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தொதுக்கப்பட்ட அலுவலரிடமும், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். நான்கு கேள்வி போதும்: கடந்த வருடம் வடிகான் துப்புரவுக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, சோலை வரி நிலுவை எவ்வளவு, பாதீட்டு வாக்கெடுப்பில் எங்கள் வட்டார உறுப்பினர் எந்தப் பக்கம். வருடா வருடம் பாதீட்டுக் கூட்டம் முடிந்ததும் ஜனவரியில் ஒரு விண்ணப்பம் போட்டால், முதல்வர் மறுபடி வந்து கேட்கிற நேரத்தில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பதில் நம் கையில் இருக்கும். ஒழுங்கைக்கு ஒரு வீடு இதைச் செய்தால் மற்ற வீடுகள் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஒழுங்கையில் அதை நான் செய்கிறேன்.